தண்ணி ஜெயக்குமார்

எங்கள் ஜெயக்குமாருக்குத் 'தண்ணி ஜெயக்குமார்' என்று பெயர் வைத்த புண்ணியவான் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் அந்த ஆளுக்கு நானே ஒரு சட்டை தைத்துக் கொடுப்பேன். ஒரு கை அக்குளோடு நிற்கும், இன்னொரு கை முட்டியைத் தொடும். நான் தையல்காரி. எடமலைப்பட்டி புதூரில் டெய்லர் சந்திரம்மாள் என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். என் கடைக்கு மேல் மாடியில்தான் ஜெயக்குமார் குடும்பம் ரொம்ப காலம் குடியிருந்தது.

அந்த மனுஷன் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஓடுகிற பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு தோளில் டிக்கெட் பை, இன்னொரு தோளில் பெரிய தண்ணீர் பாட்டில். மகள் இளவேனில் அந்த பஸ்ஸில்தான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிற பள்ளிக்கூடம் போவாள். ஸ்டாப்புக்கு ஸ்டாப் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவளிடம் போய், "தண்ணி குடி, தண்ணி குடிச்சியா, பாட்டிலைக் காட்டு" என்று உயிரை எடுப்பார். மாம்பழச்சாலையில் ஏறுகிறவர்கள்கூடச் சில்லறைக்கு முன்னால் தண்ணியைப் பற்றித்தான் கேட்பார்கள். பெயர் நிலைத்துவிட்டது.

அவருக்கும் அவர் மனைவி மயிலம்மாளுக்கும் சொந்த ஊர் பச்சைமலை. அடுத்தடுத்த கிராமம். மரவள்ளியும் தினையும் விளைகிற பூமியை விட்டு, பஸ் மேல் உள்ள ஆசையில் கீழே இறங்கி வந்தவர் அவர். இளவேனில் கைக்குழந்தையாக இருந்தபோது கையும் காலும் பொதபொதவென்று வீங்கிக்கொண்டு வீரிட்டு அழுவாள். கண் மஞ்சளாகும். மஞ்சக்காமாலை என்று தெருவே தீர்ப்புச் சொன்னது. கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து, உப்பை நிறுத்தி, எண்ணெயை நிறுத்தி, கடைசியில் பிள்ளையையே நிறுத்தப் பார்த்தார்கள். அப்புறம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"இது அரிவாள் செல் நோய். ரத்தத்துல சிவப்பணு உருண்டையா இருக்கணும். இவளுக்கு அது அரிவாள் மாதிரி வளைஞ்சிடுது. அப்பா கிட்டேருந்து பாதி, அம்மா கிட்டேருந்து பாதி வந்திருக்கு."

அப்பா பாதி, அம்மா பாதி என்றதும் அந்த வீட்டில் 'உன்னாலதான், உன்னாலதான்' சண்டை அன்றோடு தீர்ந்தது. ஆனால் மயிலம்மாளுக்குக் காதில் விழுந்தது அரிவாள் என்ற ஒரு வார்த்தைதான். கர்ப்பத்தில் கதிர் அறுத்ததால் வந்ததோ, காய் நறுக்கியதால் வந்ததோ என்று குழம்பி, அன்று சாயங்காலமே தன் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டில் வைத்துவிட்டாள். "அக்கா, இது எங்க வீட்ல இருக்க வேணாம்." நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. சரி என்று அதில் தேங்காய் துருவ ஆரம்பித்தேன். நல்ல அரிவாள்மனை, என்னுடையதைவிடக் கூர்.

ஜெயக்குமார் விஷயத்தைத் தன் பாஷையில் புரிந்துகொண்டார். கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். "ஒண்ணும் இல்லைங்க. ரத்தக்குழாய் சந்து மாதிரி. உருண்டை வண்டி உருண்டு போயிடும். வளைஞ்ச வண்டி கோணலா மாட்டிக்கும். பின்னாடி எல்லாம் ஜாம். ஜாமான எடத்துல வலி. தண்ணி கொறைஞ்சா ஜாம் ஜாஸ்தி. அவ்ளோதான்." பயணிகள் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் எங்கள் தெருவுக்கு யார் விளக்குவது? ரத்தசோகை என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிடுவார்கள். பீட்ரூட் வந்தது. பேரீச்சம்பழம் வந்தது. எதிர்வீட்டு ஜோதி ஒரு இரும்புச்சத்து டானிக் பாட்டிலையே கொண்டுவந்து, "தினம் ரெண்டு மூடி குடுங்க, கன்னம் ஆப்பிள் மாதிரி ஆயிடும்" என்றாள். டாக்டரம்மாவோ முதல் நாளே அடித்துச் சொல்லியிருந்தார்.

"எங்களைக் கேக்காம இரும்பு டானிக் குடுத்துடாதீங்க. இவளுக்குச் சிவப்பணு சீக்கிரம் உடையுது. உடைஞ்ச அணுவுல இருக்கிற இரும்பு உள்ளேயேதான் கெடக்கும். ரத்தம் வேற ஏத்தியிருக்கோம், அதுலயும் இரும்பு இருக்கு. இவளுக்கு வேண்டியது வயிறு நிறையச் சாப்பாடு. மத்தப் புள்ளைங்களவிடக் கூடவே வேணும், ஏன்னா ஓயாம புது ரத்தம் செஞ்சாகணும் இந்த உடம்பு. பருப்பு, முட்டை, கீரை, கடலை, பால். நான் தர்ற ஃபோலிக் மாத்திரை. அப்புறம் தண்ணி, தண்ணி, தண்ணி."

அந்த டானிக்கை நான்தான் வாங்கி ஜோதியின் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன். செடி பிழைத்ததா என்று நான் கேட்கவில்லை.

சொல்லிவிட்டார் டாக்டரம்மா, வயிறு நிறைய என்று. இளவேனிலுக்குப் பசி என்றால் என்னவென்றே தெரியாது. தட்டில் சோறு வைத்தால் அதைச் சுற்றிக் கோலம் போடுவாள். இரண்டு வாய் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். அப்போது ஜெயக்குமார் வீட்டை பஸ்ஸாக மாற்றுவார். "படியில நிக்காத, படியில நிக்காத! உள்ள போ, உள்ள போ! நடுவுல எவ்ளோ காலியா கெடக்கு பாரு!" என்று அந்தக் கன்னத்துச் சோற்றிடம் கத்துவார். கீழே மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும் எனக்கே உள்ளே தள்ளிப் போகலாமா என்று தோன்றும். சட்டைப் பையில் எப்போதும் விசில் இருக்கும். நீளமாக ஒரு விசில் அடித்தால் தண்ணி குடிக்க வேண்டும். எங்கே இருந்தாலும், எந்தக் கோபத்தில் இருந்தாலும், இளவேனிலின் கை தானாகப் பாட்டிலைத் திறக்கும். பழகிவிட்டது. சோற்றுக்கு மட்டும் அந்த விசில் செல்லவில்லை. "ஃபுல்லுப்பா. ரைட், ரைட், போலாம்" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். வாய் மட்டும் காவேரிப் பாலத்து நீளம்.

எனக்குள் இருந்த வேதனை வேறு. வருஷாவருஷம் ஜூன் மாதம் அவளுக்கு யூனிஃபார்ம் தைப்பவள் நான். வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போது தையலுக்குள்ளே கொஞ்சம் துணியை மடித்து விட்டு வைப்போம். பிள்ளை பெருத்தால் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். உள்மடிப்பு என்போம். தெருப் பிள்ளைகள் எல்லாரும் பாதி வருஷத்தில் "அத்தை, பிரிச்சு விடுங்க" என்று வந்து நிற்பார்கள். இளவேனிலுக்கு நான் விட்ட மடிப்பை ஒருமுறைகூடப் பிரித்ததில்லை. ஒன்பதாவது போகிறவளுக்கு ஆறாவது அளவே சரியாக இருந்தது. டேப்பைச் சுருட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கமாட்டேன். அவளும் என்னைப் பார்க்கமாட்டாள்.

அந்த வருஷம்தான் வலி அடுத்தடுத்து வந்தது. முதுகில் வந்தது, காலில் வந்தது, ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டு டிரிப் ஏற்றினார்கள். வந்து கொஞ்ச நாள்தான், மறுபடியும் படுக்கை. டாக்டரம்மா ஜெயக்குமாரைப் பிடித்துக்கொண்டார்.

"உடம்புல தண்ணியே இல்லை. பகல்ல குடிக்கிறாளா இல்லையா? இப்படியே போனா நுரையீரல், மூளைன்னு எங்க வேணா அடைக்கலாம்ப்பா. வெளையாட்டு இல்ல."

ஜெயக்குமாருக்கு நம்பவே முடியவில்லை. பாட்டில் காலையில் நிறைந்து போகும், சாயங்காலம் காலியாக வரும். அவர் கண்ணால் பார்த்தது. விசாரித்தால் பாட்டில் தண்ணீர் எல்லாம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்குப் போயிருக்கிறது. ஏன் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து என் காதில் சொன்னாள்.

"பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல அத்தை. ஒருத்தி கதவைப் பிடிச்சுக்கணும். எனக்கு அடிக்கடி போகணும்ல, யாரு எத்தனை வாட்டி பிடிப்பா? சிரிக்கிறாங்க. அதான் குடிக்கிறதில்ல. தண்ணி குடிக்கலன்னா சோறும் எறங்க மாட்டேங்குது."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பள்ளிக்கூடத்தையே பிரித்து மறுபடி தைத்திருப்பேன். ஒரு தாழ்ப்பாள் இல்லாததற்கு ஒரு பிள்ளை உயிரை விடுவதா! ஜெயக்குமார் இரண்டு தடவை போய்க் கேட்டார். சொல்லிவிடுகிறோம், செய்துவிடுகிறோம் என்றார்கள். அது போதாது என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடத்துப் பின்சுவரை ஒட்டியே வீடு பார்த்துவிட்டால்? இன்டர்வெல் மணி அடித்ததும் ஓடி வரலாம், வீட்டு பாத்ரூமுக்குப் போகலாம், பயமில்லாமல் தண்ணி குடிக்கலாம்.

ஆண்டவன் புண்ணியத்தில் அங்கே ஒரு போர்ஷன் காலியாக இருந்தது. வீட்டுக்காரர் மாதவன், ரிட்டையர் ஆனவர், கோயில் கைங்கரியம் தவறாத வைஷ்ணவர். முட்டை, மீன் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். "முட்டை ஸ்கூல் சத்துணவுலயே போடறாங்க சார், அங்கேயே தின்னுட்டு வந்துடுவா" என்று ஜெயக்குமார் ஒத்துக்கொண்டார். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. மறுநாள் போன் வந்தது. "போர்ஷன் விடறதா இல்லை."

என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. மாதவன் சார் பஸ் ஸ்டாப் டீக்கடையில் விசாரித்திருக்கிறார். டீ மாஸ்டர் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். "யாரு, நம்ம தண்ணி ஜெயக்குமாரா? தங்கமான மனுஷன் சார். ஆனா காலைல கண்ணு முழிச்சதுலேருந்து தண்ணிதான். பாட்டில் இல்லாம பார்க்கவே முடியாது. பொண்ணுக்கும் அவரே ஊத்திக் குடுத்துப் பழக்கிட்டாரு."

"விடுங்க, நான் பேசுறேன்" என்று கிளம்பினேன். டீக்கடைக் கதை அப்போது எங்களுக்குத் தெரியாது. ஜெயக்குமாரையும் இளவேனிலையும் வாசல் கேட்டுப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். மாதவன் சார் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார்.

"உங்களண்ட மறைக்கப்படாதும்மா. அந்தப் பழக்கம் உள்ளவாளுக்கு எங்காத்துல எடம் கிடையாது."

"எந்தப் பழக்கம்ங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதான், தண்ணி."

"அதுல என்னங்க தப்பு? டாக்டரே சொன்னதுதானே!"

"டாக்டரா?"

"பெரியாஸ்பத்திரி டாக்டருங்க. நேரம் தவறாம குடிக்கணும், விட்டா உயிருக்கே ஆபத்துன்னு சொல்லியிருக்காங்க."

"அவருக்கா?"

"அவருக்கு எதுக்குங்க? கொழந்தைக்கு! அப்பாவும் அம்மாவும் கூட உக்காந்து குடிச்சாத்தான் அது குடிக்குது. அதனால வீட்ல மூணு பேருமே குடிப்பாங்க."

உள்ளேயிருந்து மாமியின் குரல் மட்டும் கேட்டது. "ரங்கா!"

மனுஷர் முகம் சிவந்துபோனது. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இவர்கள் வீட்டில் தண்ணி என்று சொல்லமாட்டார்களே, தீர்த்தம் என்றல்லவா சொல்வார்கள்! அந்த வார்த்தைதான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் திருத்தினேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது, இன்றைக்கும் சொல்வேன்.

"மன்னிச்சுக்குங்க சார். தண்ணின்னு சொல்லல. தீர்த்தம்னே வெச்சுக்குவோம். தீர்த்தம் உள்ள போகலன்னா அந்தப் புள்ள நடக்கவே மாட்டா."

"தீர்த்தம்னு கேலி வேற பண்றேளா!" என்று எழுந்தவர் விறுவிறுவென்று கேட்டுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். ஜெயக்குமார் கும்பிட்டார். மாதவன் சார் அவர் முகத்துக்கு நேரே முகத்தை நீட்டினார்.

"ஊதுங்கோ!"

ஜெயக்குமார் திகைத்தார். "இங்கேயா சார்?"

"இங்கேயேதான். என் மூஞ்சிலயே ஊதுங்கோ. தெரிஞ்சுடும்."

வீட்டுக்காரர் கேட்கிறார், வீடு வேண்டும், என்ன செய்வார் மனுஷர்? சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து, மூச்சைப் பிடித்து நீளமாக ஒரு ஊது ஊதினார். மாதவன் சார் காதைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். தெருவில் போன ஆட்டோ சடக்கென்று நின்றது. இளவேனிலின் கை தானாகப் பாட்டிலைத் திறந்தது. மடக் மடக்கென்று குடித்தாள்.

மாமி வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். மாதவன் சார் பாட்டிலையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா அது?"

"தண்ணி விசில் மாமா. அப்பா அடிச்சா நான் குடிக்கணும்." பாட்டிலை நீட்டினாள். "உங்களுக்கு வேணுமா?"

அவர் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். ஒருமுறைக்கு இருமுறை மோந்து பார்த்தார். "சீரகம்" என்றார் மெதுவாக.

பிறகு ஜெயக்குமார் எல்லாவற்றையும் சொன்னார். சந்து, வளைந்த வண்டி, ஜாம், தாழ்ப்பாள் இல்லாத கதவு. தாழ்ப்பாளுக்கு வந்தபோது அவர் குரல் உடைந்துவிட்டது. மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினார். "மனுஷன் மூஞ்சிய மோந்து பாக்கறேளே, வெக்கமா இல்லையா ஒங்களுக்கு?" மாதவன் சார் என்னிடம் பாய்ந்தார். "தீர்த்தம்னு மொதல்லயே சொல்லப்படாதோ நீங்க?"

"சொன்னேனே சார்!"

தை மாதம் குடி போனார்கள். இளவேனில் இன்டர்வெல் மணிக்கு ஓடி வந்தாள். மறுவாரம் கூட ஒருத்தி வந்தாள். அதற்கடுத்த வாரம் மாதவன் சார் வீட்டுக் கொல்லையில் யூனிஃபார்ம் போட்ட பெண்கள் வரிசையாக நின்றார்கள். தாழ்ப்பாள் எல்லாருக்கும்தான் இல்லை, வாய்விட்டுச் சொல்ல ஆள்தான் இல்லாமல் இருந்தது. "இது ஆத்துக் கொல்லையா, பஸ் ஸ்டாண்டா?" என்று கத்தினார் மாதவன் சார். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் தச்சரைக் கூட்டிக்கொண்டு, பையில் புதுத் தாழ்ப்பாள்களோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். அங்கே யார் என்ன சொன்னார்களோ, "நான் யார்கிட்டயும் உத்தரவு கேக்க வரலை, கதவு எங்கே இருக்குன்னு மட்டும் சொல்லுங்கோ" என்றாராம். பெண்பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் தாழ்ப்பாள் மாமா. பெயர் வைக்கிற வியாதி இந்த ஊரை விட்டுப் போகாது.

அவர்கள் போன பிறகு என் மாடி வெறிச்சென்று கிடந்தது. அந்த ஜூனில் வீடு மாறிய செலவைச் சொல்லி, போன வருஷத்து யூனிஃபார்மே போதும் என்றுவிட்டார்கள். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லி மயிலம்மாள் போன் செய்தாள். போனேன். தினைச் சோறு, முருங்கைக்கீரை போட்ட பருப்பு, வேர்க்கடலைத் துவையல். இளவேனில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன், அந்தக் கோலத்தைப் பார்க்கப் பிடிக்காமல். ஜெயக்குமார் பாதியில் எழுந்து தண்ணி எடுக்கப் போனார்.

"எங்கப்பா போற?" என்றாள் இளவேனில். "நடுவுல காலியா இருக்கு. இன்னும் ரெண்டு பேரை ஏத்து."

தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். ஜெயக்குமார் தண்ணிச் செம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். மயிலம்மாள்தான் சோற்றைப் போட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் இளவேனில் யூனிஃபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு, என்னை உள்ளே கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அத்தை, யூனிஃபார்ம் சட்டை பிடிக்குது."

"பிடிக்குதா? பிடிச்சா சந்தோஷம்டி. உனக்கு வருஷாவருஷம் ஒரே மாதிரிதானே தைக்கிறேன், இப்பத்தான் பிடிச்சுதா?"

"ஐயோ அத்தை! அந்தப் பிடிக்குது இல்ல. இறுக்கிப் பிடிக்குது. கைய தூக்க முடியல, பாருங்க."

பார்த்தேன். அக்குளில் தையல் விண்ணென்று இழுத்துக்கொண்டிருந்தது. தோள் சட்டைக்குள் அடங்காமல் திமிறியது. பையிலிருந்து பிளேடை எடுத்து, அவள் கழற்றிக் கொடுத்த சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, உள்ளே நான் மடித்து வைத்திருந்த துணியை ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். சட்டையெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. வெயிலே படாத அந்த மடிப்பு மட்டும் கடையில் வாங்கின அன்றைய நீலத்தில் இருந்தது.

நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜெயக்குமார் விசிலை எடுத்து வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். இளவேனில் அவரைப் பார்த்தாள், பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"தண்ணி குடிப்பா" என்றாள்.